பிளாஸ்டிக் புல்

கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவனுக்குக் கால் முறிந்து பதினோரு நாள். குடியிருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டோடு அவனே இறங்க முடியாதபோது நாயை எங்கே இறக்குவது? அக்காதான் காலையும் மாலையும் வந்து கூட்டிப்போனாள். திங்கள் முதல் அவளுக்கு வேறு ஊரில் வேலை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் துரை வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போகப் பழகணும். இல்லேன்னா தையல்காரம்மாகிட்ட கொடுத்துடுவேன். அவங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

துரை என்பது நாயின் பெயர்.

குளியலறை வாசலில் ஒரு தட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் புல். நாயை அதில் நிறுத்தி மூன்று நாள் கெஞ்சினான், பிஸ்கட் காட்டினான், திட்டினான். அது நடுங்கியதுதான் மிச்சம். நடுங்காமல் என்ன செய்யும்? குட்டியாக இருந்தபோது வீட்டுக்குள் போனதற்கெல்லாம் செருப்பால் விளாசியவன் அவன்தான். பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

"அதோட மூத்திரத்துல நனைச்ச காகிதத்தைப் புல்லு மேல போட்டா, வாசனைக்குப் போகுமாம். கீழ போறப்ப கொஞ்சம் பிடிச்சிட்டு வாக்கா."

"அது ஒண்ணுதான் பாக்கி. உனக்குச் சோறு போட்டு வளர்த்ததுக்கு நல்ல மரியாதைடா!"

ஞாயிறு காலை அவள் வரவில்லை. மூட்டை கட்டுகிறாளாம். மதியம் தாண்டியும் துரை அடக்கிக்கொண்டு கதவருகிலேயே நின்றது. வேறு வழி தெரியாமல் அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாய் பார்க்கத் தானே புல்லின்மேல் ஒன்றுக்குப் போனான்.

"பாத்துக்கோ. இவ்வளவுதான் விஷயம்."

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் லுங்கியைச் சரிசெய்து உட்காரவும் அக்கா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"அட, புல்லு நனைஞ்சிருக்கு! கழுதை, கத்துக்கிச்சே!" நின்ற இடத்திலேயே தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு, நாயைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் நாய் போய்விடும். "ஆமாக்கா" என்றான்.

"சரி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரே ஒரு தடவை கீழ கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்."

"எதுக்கு? இப்பத்தான் பழகியிருக்கு. நானே கெடுக்கவா?"

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கி அடங்கியது. துரை கதவிடுக்கில் மூக்கை வைத்து நின்றது. பின்னங்கால்கள் ஒட்டியிருந்தன.

அவன் தரையோடு தவழ்ந்து பக்கத்தில் போனான். "போடா. எங்க வேணும்னாலும் போ. கட்டில்ல போ. என் மேலயே போ."

அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கல்லாக இருந்தது.