மிஸ்டர் ஹார்லனின் மந்திரம்

என் பெயர் சத்தியபாமா. மெல்பேர்னில் அந்தக் காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "இந்த நீளப் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. நீ சாலி" என்றார் மேலாளர் ஹார்லன். மூன்று வருடம் நான் சாலி. திருத்தியபோதெல்லாம் முழுதாகக் கேட்காமலே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1975இல் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது. எங்கள் நிறத்து ஆட்கள் எல்லாருக்கும் யோகா தெரியும் என்பது அவர் நினைப்பு. என்னைக் கூப்பிட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லித் தரச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் நான் படித்தது சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான். ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன். நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும். விடும்போது ஒரு மந்திரத்தை மெல்ல நீட்டிச் சொல்ல வேண்டும்.

"சத்... தி... ய... பா... மா."

அவர் வாயில் அது அழகாகவே நுழைந்தது. தினமும் மதியம் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை சொன்னார். படபடப்பும் குறைந்தது.

"பாவமப்பா அந்தாள்" என்றார் என் கணவர் விக்னராஜா.

"என்ன பாவம்? மூண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லட்டும்."

வேறு வேலை கிடைத்ததும் ராஜினாமாக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அடியில் இருந்த என் பெயரைப் பழக்கதோஷத்தில் மெல்ல நீட்டி வாசித்தார். கடைசி எழுத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, வாய் திறந்தபடியே நின்றது.

"மூச்சை விடுங்கள், மிஸ்டர் ஹார்லன்" என்றேன்.