எட்டு மதியம்

அடி அண்ணாமலையில் சக்திவேல் வீட்டுப் பின்னறையில் ஒரு காலத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கியிருப்பார்கள். நிலத்தை விற்றதும் மூட்டை போனது, சாக்கு மட்டும் மிஞ்சியது. அந்தச் சாக்குகளை நாலு சுவரிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஜன்னலுக்குப் பழைய மெத்தையை முட்டுக்கொடுத்து, அந்த அறைக்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தான் சக்திவேல். ஊரில் வேறு யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை.

அரசுப் பள்ளியில் அவன் ஆய்வக உதவியாளன். பகலில் சோதனைக் குழாய் கழுவுவான். சாயந்திரங்களில் மெல்லிசைக் குழுவில் கிடார். பன்னிரண்டு வருஷம் பாடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவன். கைதட்டுகிறவர்கள் பாடுகிறவரைப் பார்த்துத்தான் தட்டுவார்கள், அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகிப்போனதே என்றுதான் ஒருநாள் கோபம் வந்தது. முன்னால் யாரும் நிற்காமல், கிடார் மட்டுமே இருக்கிற ஒரு கேசட்டைத் தன் பெயரில் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினான்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, தன் நாலு ட்ராக் ரெக்கார்டரை இவனிடம் விட்டுப்போனார். ஒரு கிடாரை வாசித்துப் பதிந்துவிட்டு, அதன்மேலேயே இன்னொன்றையும் வாசித்துச் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் பதிவு. அப்போதுதான் தெரு கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பௌர்ணமி ஞாயிற்றில் வந்தால் கிரிவலக் கூட்டம் வாசலிலேயே நடக்கும், அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். ஃபேன் சத்தம் உள்ளே விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் சாக்குகளுக்கு நடுவில் வெந்துகொண்டு வாசித்தான். அவன் மனைவி தேவிப்ரியா அந்த இரண்டு மணி நேரமும் மிக்சியைத் தொடமாட்டாள், அடுப்பில் குக்கர்கூட வைக்கமாட்டாள். எட்டு ஞாயிறு, எட்டு உருப்படி. சென்னையில் முந்நூறு கேசட் பிரதி எடுத்து, 'எட்டு மதியம்' என்று அட்டை போட்டு, தொண்ணூற்றேழாம் வருஷம் தை மாசம் வெளியிட்டான். வெளியிட்டான் என்றால், பஸ்ஸிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

கேசட் கடை ராஜேந்திரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பாடுறது?"

"யாரும் பாடலீங்க. கிடார் மட்டும்தான்."

"சரி, பாட்டு எப்ப வரும்?"

வராது என்று சக்திவேல் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மலைப் படம் போடு, தீபத்தைப் போடு, பௌர்ணமிக்குப் பிச்சிக்கினு போவும் என்று யோசனை சொன்னார். உள்ளே பக்திப் பாட்டே இல்லாமல் எப்படிங்க என்று இவன் மறுத்துவிட்டான். பத்து கேசட்டை வேண்டாவெறுப்பாக வாங்கிவைத்தார்.

சக்திவேலுக்கு ஆசை என்று பார்த்தால் சின்னதுதான். யாராவது ஒரே ஒரு ஆள், ஏ பக்கத்திலிருந்து பி பக்கம் முடிய, எழுந்து போகாமல் கேட்க வேண்டும். தேவிப்ரியாவுக்கு இரண்டாவது உருப்படியிலேயே உலை ஞாபகம் வந்துவிடும். குழுவில் இருந்த சிநேகிதர்கள் ஆஹா என்றுவிட்டு அதன்மேலேயே ஊர்க்கதை பேசினார்கள். உள்ளூர் மைக் செட் காசி மட்டும் தானாக வந்து ஒன்று கேட்டான். ஸ்பீக்கர் பாக்ஸ் சரியாக வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கவாம். போகட்டும் என்று கொடுத்தான்.

காசி போட்டுப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் இறந்தபோது, சினிமாப் பாட்டு வேண்டாம் என்று வீட்டார் சொல்ல, இதைப் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் இதையே கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது சாவோடு அதற்குச் சாவு கேசட் என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு மாலை வீட்டில் சக்திவேல் அதை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பாஞ்சாலை முந்தானையைச் செருகிக்கொண்டு, "ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லி அனுப்பிய பிறகு, தேவிப்ரியா வந்து டேப்பை நிறுத்தினாள். இனி விளக்கு வைக்கிற நேரத்தில் வேண்டாம் என்றாள். ராஜேந்திரன் பத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இடிந்துபோய்விட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை கணக்கு வாத்தியார் மூர்த்தி. ஒரே பள்ளி, ஒரே ஊர். வைகாசியில் மகள் கல்யாணம். வரவேற்புக்கு இந்த இசையைத்தான் போடப்போகிறேன், வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கொரு கேசட் வைக்கப்போகிறேன் என்று அவராகவே சொல்லியிருந்தார். இருநூறு வீடுகளுக்குப் போகும். அதில் ஒரு வீட்டிலாவது ஒருவர் முழுசாகக் கேட்கமாட்டாரா?

அவரும் ஆய்வகத்துக்கு வந்து, மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காத சக்தி. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா சம்பந்தி வூட்டுல யாராவது கேட்டுட்டா, சாவு கேசட்டான்னு முகத்துக்கு நேரா கேப்பாங்க."

"காசிகிட்டருந்து வாங்கிடறேன் சார்."

"வாங்கிடு. இன்னும் இருபது நாள் இருக்குது. அதுக்குள்ள எந்தச் சாவுலயும் அது கேக்கக்கூடாது. அப்படி இருந்தா ஜனங்க மறந்துடுவாங்க, நானும் போட்டுடறேன்."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே காசி வீட்டுக்குப் போனான். காசியின் மனைவி, "மேலத் தெருவுல சாவுங்க, செட்டு கட்டப் போயிருக்காரு" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மேலத் தெரு வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அவனுடைய முதல் உருப்படி கிளம்பியது. சைக்கிளை அவள் வாசலிலேயே போட்டுவிட்டு நடந்தான். காசியைச் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்றுதான் போனான்.

பந்தலுக்கு வெளியே, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் காசி. எதிர்ச்சாரியில் மடக்கு நாற்காலிகளில் ஊர் ஆட்கள். அவர்களில் மூர்த்தியும் இருந்தார். சக்திவேலைப் பார்த்ததும் குழாயைப் பார்த்தார், திரும்பவும் இவனைப் பார்த்தார்.

"எடுடா அத," என்றான் சக்திவேல், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்னை யாருடா இதெல்லாம் போடச் சொன்னது?"

காசி எழுந்துவிட்டான். "கோச்சிக்காத சக்தி. அம்மா செத்தா அம்மா பாட்டு வச்சிருக்கேன். அப்பாவுக்கு வச்சிருக்கேன். வாழ்ந்து முடிச்சவங்களுக்குத் தத்துவப் பாட்டு கீது. உள்ள படுத்திருக்கிறது நம்ம உண்ணாமலை பொண்ணு, அறிவுமதி. பதினாறு வயசு. மஞ்சக்காமாலை, நாலே நாள். இதுக்கு என்கிட்ட பாட்டு இல்ல. நீயே சொல்லு, எதப் போடட்டும்?"

சக்திவேல் பந்தலுக்குள் பார்த்தான். பெஞ்சில் பள்ளித் தாவணியோடு கிடத்தியிருந்தார்கள். போன வாரம் ஆய்வகத்தில் பிப்பெட்டை உடைத்துவிட்டு, சார் சார் எழுதிக்காதீங்க சார் என்று கெஞ்சிய பெண். எழுதிக்கொள்ளாமல் விட்டிருந்தான். காசி விட்டெழுந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

தாய்க்காரி உண்ணாமலை, அழுகிற பெண்களுக்கு நடுவில் இல்லை. பந்தல் ஓரமாக, செட்டுக்கு இரண்டு அடி தள்ளி, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெண்கள் மாற்றி மாற்றி வந்து கட்டிக்கொண்டு, "அழுதுடு உண்ணாமல, உள்ள வச்சிக்காத" என்றார்கள். சாமிக்குப் பிடித்த பிள்ளை அது, அதான் கூப்பிட்டுக்கிச்சு என்றாள் ஒருத்தி. விதி என்றாள் இன்னொருத்தி. அவள் யாருக்கும் தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது கிடாரைத்தான் என்று சக்திவேலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டாவது உருப்படி முடிந்து மூன்றாவது வரும் இடைவெளியில் அவள் நிமிர்ந்து செட்டைப் பார்த்தாள். வந்ததும் திரும்பத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

நாலாவது முடிந்தது. டெக்கில் பொத்தான் டக்கென்று எழும்பியது. சட்டென்று பந்தலில் இருந்த அத்தனை பேச்சும் காதில் வந்து விழுந்தது.

"நின்னுடுச்சா?" என்றாள் உண்ணாமலை. முக்காலியில் இருப்பது யார் என்று அவள் பார்க்கவில்லை, வாசித்தது அவன்தான் என்பதும் அவளுக்குத் தெரியாது. செட்டுக்காரன் என்று நினைத்துத்தான் கேட்டாள். "அவ்ளோதானாப்பா? காலையிலேர்ந்து ஆளாளுக்கு எனக்கு இன்னாவோ சொல்லிக்கினே இருக்காங்க. இது ஒண்ணுதான் எதுவும் சொல்லாம இருந்துச்சு."

சக்திவேல் டெக்கைத் திறந்து கேசட்டை வெளியில் எடுத்தான். எடுத்துக்கொண்டு போகத்தானே வந்திருந்தான். எதிரில் மூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பூலப் பையும் இருநூறு வீடும் அந்த ஒரு கணம் அவன் கையில்தான் இருந்தன.

"இன்னொரு பக்கம் இருக்குதும்மா," என்றான்.

திருப்பிப் போட்டான். மூர்த்தி எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனது தெரிந்தது. கூப்பிடவில்லை.

ஐந்தாவது உருப்படி தொடங்கியது. காசி முக்காலியைக் கேட்காமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். ஆறாவது முடிந்தது, ஏழாவது முடிந்தது. எட்டாவதின் கடைசித் தந்தி ஓயும்வரை உண்ணாமலை அந்தத் தூணை விட்டு எழவில்லை, ஒருவரிடமும் பேசவில்லை. அவன் ஆசைப்பட்ட அந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். இப்படிக் கிடைத்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தபோது, அவள் அழாத அழுகை அவனுக்கு வந்துவிட்டது.