முதல் வரியில் தேவசகாயம்

தேவசகாயம் காலையில் மூட்டுவலி பற்றிய கட்டுரை ஒன்றைப் படிக்கக் கணினித் திரைக்குள் இறங்கினார். மத்தியானம் ஆகியும் முதல் வரியைத் தாண்டவில்லை.

வரி அவ்வளவு நீளம். இடது ஓரம் அவர்கள் வீட்டு ஹாலில் இருந்தது. வலது ஓரம் கண்ணுக்கு எட்டவில்லை. எழுத்துகளுக்கு நடுவே அவருடைய வெள்ளைச் சட்டை சின்னதாகப் போய்க்கொண்டிருப்பதை மனைவி ஞானசுந்தரி பார்த்தபடி நின்றாள்.

ஒருவழியாக வரி முடிந்தது. அவர் திரும்பி அவ்வளவு தூரமும் நடந்து வந்தார். அடுத்த வரி எதுவென்று பிடிபடாமல் அதே வரிக்குள் மறுபடியும் நுழைந்தார்.

ஞானசுந்தரி திரையைத் தட்டினாள். "அது படிச்ச வரிங்க."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. வழியில ஒரு கமா என்னைப் பார்த்துச் சிரிச்சுது."

அவர் நொண்ட ஆரம்பித்திருந்தார். அவள் கட்டுரையை வெளியிட்ட அலுவலகத்துக்கு போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வீட்டுக்காரர் வரியில மாட்டிக்கிட்டாரு."

"எத்தனாவது வரி?"

"முதல் வரி."

"முதல் வரியில இருக்கிறவங்களை நாங்க வாசகரா எடுத்துக்கிறதில்ல மேடம்."

"வரியைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா?"

"நீங்களே ஆக்கலாம். வீடும் சின்னதாயிரும்."

ஞானசுந்தரி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். போன மாதம்தான் சோபா வாங்கியிருந்தார்கள்.

"ஆகட்டும்," என்றாள்.

சுவரோரம் இருந்த திரையின் வலது சட்டத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கூடவே சுவரும் வந்தது. சோபா சத்தமில்லாமல் மடிந்தது. வரிகள் ஒடிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. தேவசகாயம் படி இறங்குவதுபோல அவற்றில் இறங்கினார்.

பாதியில் நின்றார். எழுத்துகள் பஸ் கூட்டம்போல நெருக்கியடித்து நின்றன.

"சுந்தரி, உட்கார இடமில்ல. முட்டி விண்ணுன்னு வலிக்குது."

அவள் அவருக்குக் கீழே விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பத்தி இரண்டாகப் பிரிந்தது. நடுவே வெள்ளையாக ஓர் இடம் திறந்தது, ரயில் இருக்கை அளவுக்கு.

ஹால் அதற்குள் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வந்திருந்தது. அவள் தயிர்சாத டப்பாவையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

சாப்பிட்டார்கள். முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"கட்டுரையில என்னதான் சொல்றாங்க?"

"இன்னும் விஷயத்துக்கே வரல. கீழ இருக்கும்போல."

அவர் எழுந்தார். அடுத்த பத்தியின் முதல் எழுத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையை அவளிடம் நீட்டினார்.