ஒன்பதாவது நிமிடத்து விசில்

இசை நாலாவது தடவையாக நின்றபோது பாம்புக்காதம்மாவுக்கு ஃப்ரிட்ஜின் மேல் சந்தேகம் வந்தது. அதற்கு முன் மைக்ரோவேவ் அடுப்பின் மேல் வந்திருந்தது. அதற்கும் முன் மாடிவீட்டுக்காரர் மேல்.

"ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணுங்க," என்றாள்.

"பால் கெட்டுப்போயிடும்மா," என்றார் கணவர்.

"பால் போனா போகட்டும். இங்க உங்க விசிலே போகுது!"

அவர் மறுபேச்சில்லாமல் போய் சுவிட்சை அணைத்தார். விசில் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை.

விஷயம் இதுதான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் அவள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்பவளாக இருந்தாள். பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை நகர்த்தினால்கூட "நிறுத்துங்க!" என்று கத்துவாள். பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். கணவர் அதே கூடத்தில் யாருக்கு எந்த நேரம் என்று எழுதிவைக்கும் குமாஸ்தா. ஒருநாள் புல்லாங்குழல்காரர் வராமல் கழுத்தறுக்க, வராந்தாவில் சீட்டியடித்துக்கொண்டு போன குமாஸ்தாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்தியது அவள்தான். பதினோரு நிமிட வாத்திய இசை. அதில் ஒன்பதாவது நிமிடத்தில் இருபது விநாடி விசில். பிடித்த கையை அப்புறம் விடவே இல்லை, அது வேறு கதை.

ஆனால் கேசட் வெளிவந்தபோது விசிலைக் காணோம். இரைச்சலில் அமுங்கிப் போயிருந்தது. உறையில் பெயரும் போடவில்லை. கணவரின் தம்பி சும்மா விடுவாரா? நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார்: "எங்கண்ணன் விசில் அடிச்சாராம், அண்ணி பிடிச்சாங்களாம், கேசட்டு முழுங்கிடுச்சாம். இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி எங்க காதுல பூ சுத்துவீங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். கணவரும் சிரிப்பார். அப்புறம் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கமாட்டார். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சீட்டியடிக்கிற மனிதர், அதை எப்போது நிறுத்தினார் என்று அவளுக்கே நினைவில்லை.

இப்போது கேசட் கம்பெனிக்காரர்கள் அந்தப் பழைய டேப்பைத் தேடியெடுத்து, துளியும் சுருக்காமல், உயர்தரத்தில் இணையத்தில் விட்டிருந்தார்கள். பாம்புக்காதம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இணையத்திலிருந்து இசையை இழுத்துத் தரும் கருவி ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு வாங்கினாள். கையோடு கொழுந்தனாருக்கு ஃபோன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க. கேட்டுட்டு அப்புறம் சிரிங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்று ஞாயிறு. மணி மூன்று. இசை இதுவரை மூன்றாவது நிமிடத்தைத் தாண்டவில்லை. கருவியின் திரையில் ஒரு சின்ன வளையம், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

"தரத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா ஓடும்னு போட்டிருக்கே?" என்றார் கணவர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்து.

"குறைச்சா உங்க விசில் மறுபடியும் செத்துரும். அதுக்கு அந்தக் கேசட்டே போதுமே!"

வேறு வழியில்லாமல் இணைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்த பெண்ணிடம், தான் யார், எத்தனை வருஷ அனுபவம், எத்தனை மைக் பார்த்தவள் என்பதையெல்லாம் முதலில் சொல்லிமுடித்தாள்.

"சரிங்க மேடம். ரவுட்டர் எங்க இருக்கு?"

"ஹால்லதான். ஸ்பீக்கர்ல இருந்து பத்தடி."

"திறந்த இடத்துலதானே இருக்கு?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு."

அணைத்துப் போடச் சொன்னாள் அந்தப் பெண். போட்டாயிற்று. அலைவரிசையை மாற்றச் சொன்னாள். மாற்றியாயிற்று. ஹாலுக்குள்ளேயே நின்று செல்ஃபோனில் சிக்னல் எத்தனை கோடு என்று பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணு. அதுவும் வந்து வந்து போகுது."

"பத்தடியிலயா?" அந்தப் பெண்ணின் குரலில் முதல்முறையாக ஆர்வம் தட்டியது. "மேடம், அதை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புறீங்களா?"

கணவர் படம் எடுத்து அனுப்பினார்.

"மேடம்... இதுல ரவுட்டர் எங்க? வெள்ளியா ஒரு பெட்டி தெரியுது. சாப்பாடு சூடா வைக்கிறதா?"

"அதுக்குள்ளதாம்மா இருக்கு," என்றாள் பாம்புக்காதம்மா, கொஞ்சம் பெருமையாகவே. "ரவுட்டர் கீச்சுனு ஒரு சத்தம் போடுது. சாதாரணக் காதுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும். அதான் உள்ள பஞ்சு, வெளிய வெயிலுக்கு ஜன்னல்ல ஒட்டுன அலுமினியத் தாள் மிச்சம், ரெண்டு சுத்து. காத்துக்கு ஓட்டைகூட விட்டிருக்கேன். அதுல இருந்து சத்தம் பாதியாக் குறைஞ்சுபோச்சு."

ஃபோனில் அந்தப் பெண் இருமினாள். இருமல்தானா என்று பாம்புக்காதுக்கே சந்தேகம்.

"மேடம், அலுமினியத் தாள் சிக்னலை வெளிய விடாது. சத்தத்தோட சேர்த்து இன்டர்நெட்டையும் உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க."

கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

மூன்று நாள் உட்கார்ந்து, அளவெடுத்து, மூலை மூலையாக ஒட்டிய பெட்டி. மாடிவீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போயிருந்தாள், ஃப்ரிட்ஜைத் தண்டித்திருந்தாள், குற்றவாளி அவளுடைய சொந்தக் கைவேலை! ஒரு நொடியில் பெட்டியிலிருந்து ரவுட்டரை உருவி அலமாரி மேல் வைத்தாள்.

"இனிமே நாள் முழுக்க அந்தக் கீச்சைக் கேட்டுக்கிட்டு உக்காரணும். பாருங்க, வெளிய எடுத்ததும் என்னமா கத்துது!"

"இப்பவா?" என்றார் கணவர்.

"இப்பதான். காதைத் துளைக்குதே, உங்களுக்கு எங்க கேக்கப்போகுது!"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கையில் ரவுட்டரின் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சொருகவே இல்லை.

அவள் பிளக்கைப் பார்த்தாள். ரவுட்டரைப் பார்த்தாள். ஒரு விளக்குகூட எரியவில்லை. அணைந்த ஃப்ரிட்ஜும் பேசாமல் நின்றது. வீடே கப்சிப். கீச்சு மட்டும் நிற்கவில்லை.

பெட்டி எதற்குச் செய்திருக்க வேண்டும், எதற்குச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. தலைக்கு அல்லவா மாட்டியிருக்க வேண்டும்!

"ஏம்மா..." என்று பிளக்கைச் சொருகியபடியே கணவர் ஆரம்பித்தார். அழைப்புமணி அடித்தது.

கொழுந்தனார் வந்து, கால்மேல் கால் போட்டு, பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "என்ன அண்ணி, இந்தத் தடவை யார் முழுங்குனாங்க? கம்ப்யூட்டரா?"

"வாயை மூடிட்டுக் கேளுங்க," என்று பொத்தானை அழுத்தினாள்.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். வளையம் வரவில்லை. வயலின் வில் கம்பியில் உரசுவதுகூடத் துல்லியமாக வந்தது. ஆறு. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எட்டு. அவள் ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தாள்.

ஒன்பது.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. வழி விடுகின்றன, அவள்தானே அன்று கைகாட்டி ஒதுக்கினாள். விசில் வரவேண்டிய இடம் வந்தது. கீழே தம்பூராவின் ரீங்காரம். மேலே கீச்சு, அவளுடைய சொந்தக் கீச்சு. விசிலைக் காணோம்.

போச்சு. டேப்பிலேயே இல்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கொழுந்தனார் சொன்னதுதான் சரி. அப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

கொழுந்தனாரின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது. கணவரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

வாத்தியங்கள் திரும்பி வந்தன. இசை முடிந்தது.

"அண்ணே," என்றார் கொழுந்தனார். "நீயாண்ணே அது?"

"வேற யாரு, நம்ம அப்பாவா?" என்றார் கணவர்.

"இவ்வளவு நாளா நான் உன்னை... சே." பிஸ்கட்டைத் தட்டில் போட்டார். "கடைசியில மேல ஏறுச்சே, அங்க ஒரு பிசிறு இல்ல. அண்ணி, கவனிச்சீங்களா? நீங்கதானே இதுல புலி."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. பாம்புக்காதம்மா ஆமாம் என்றால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? கணவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேக்கல," என்றாள்.

"என்னது?"

"அந்த இருபது விநாடி சுத்தமாக் கேக்கல. உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் விசில் வருதுன்னே தெரிஞ்சுக்கிட்டேன்." பிளக் கதையையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. "ரவுட்டருக்கு வீடு கட்டுன எஞ்சினியர் நான். நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்டப் போறேன். இனிமே யாராவது பாம்புக்காதுன்னு கூப்பிட்டா உதைப்பேன்."

கொழுந்தனாருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. சிரித்து வைத்தார்.

கணவர் எழுந்துவந்தார். அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டு, அவள் காதோரம் குனிந்தார். முதலில் வெறும் காற்று வந்தது.

"அண்ணே, இது விசில் இல்ல. குக்கர் கேஸ்கட் போன சத்தம்."

"சும்மா இருடா."

மறுபடி முயன்றார். அன்றைக்குப் போன உயரத்துக்குப் போகவில்லை. நல்லவேளை, அவள் காதுக்கு எட்டும் கீழ்ச் சுருதியிலேயே நின்றார். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது, ஓர் இடத்தில் சுருதி விலகியது. ஒலிப்பதிவுக் கூடமாக இருந்திருந்தால் "நிறுத்துங்க!" என்று கத்தியிருப்பாள்.

"கேட்டுச்சா?" என்றார்.

"ம். நடுவுல தப்பு. முதல்ல இருந்து அடிங்க."