ஐவியின் முட்டியும் லூயிஸின் மூக்கும்

ஐவியின் முட்டியில் மறுபடியும் கட்டி கிளம்பியதும், மூட்டு மாற்று ஆபரேஷனை டாக்டர் தள்ளிப்போட்டுவிட்டார். தோலில் கிருமி இருக்கும்போது உள்ளே செயற்கை மூட்டு வைத்தால், அதிலும் போய்க் குடியேறிவிடுமாம்.

மாதா கோயிலில் பாடகர் குழு மாடியில் நின்று பாடும். படியேற முடியாத ஐவி கீழே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மேலிருந்து குரல் இறங்கி வரக் காத்திருந்து, அரைத் தாளம் பிந்திப் பாடுவாள். கிறிஸ்துமஸுக்காவது மேலே ஏறிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் கணவர் லூயிஸ் அடையாறில் ஒரு நர்சிங் கல்லூரியில் நுண்ணுயிரியல் வாத்தியார். ஊருக்கே கிருமிப் பாடம் எடுப்பவர் வீட்டில் கிருமி புகுந்தது அவருக்கு மானப் பிரச்சினை. துண்டுகளை வேகவைத்தார். சோப்பை மாற்றினார். பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி கொடுத்த முட்டிவலி எண்ணெயைக்கூடப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்.

"எங்காத்து எண்ணெய்ல கிருமியா? அந்த வாசனைக்கு மனுஷாளே கிட்ட வர்றதில்லையே" என்றாள் மாமி.

எண்ணெயில் ஒன்றுமில்லை.

அந்த வாரம் வகுப்பில், மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கும் பாடம். ஆரோக்கியமான மூக்கு ஒன்று வேண்டும் என்றார்.

"உங்களோடதே இருக்கே சார்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி என்ற மாணவி.

பெருமையாகவே மூக்கை நீட்டினார். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தால், தி.நகர் நகைக்கடை சன்னல் மாதிரி பொன்னிறப் பொட்டுகள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று விளக்கினார். நிறையப் பேர் மூக்கில் இது வாடகையில்லாமல் குடியிருக்கும். வீட்டுக்காரரை ஒன்றும் செய்யாது. விரல் வழியாக ஒரு கீறலுக்கோ மயிர்க்காலுக்கோ போய்ச் சேர்ந்தால்தான் தன் வேலையைக் காட்டும், சீழ் பிடிக்கும்.

'விரல் வழியாக' என்று சொல்லும்போதே தன் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் பேப்பர் படிக்கும்போது அவர் விரல் மூக்கில்தான் இருக்கும். படித்து முடித்ததும் அதே கையால் ஐவியின் முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பார். அங்கே முட்டியுறை உரசி எப்போதும் இரண்டு கீறல் இருக்கும். கடைசியில் பெருவிரலால் ஒரு சிலுவை வரைந்து, சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்வார். ஜெபம் மேலே போயிற்றோ என்னவோ, கிருமி உள்ளே போயிருந்தது. கட்டியின் சீழில் இருந்த கிருமியையும் தன் மூக்குக் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்பதுவரை இரண்டும் ஒன்று.

அன்று எட்ட ஒரு நாற்காலியில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஐவி சிரித்ததில் கட்டில் ஆடியது.

"மூக்க நோண்டாதீங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். அசிங்கம்னுதான் சொன்னேன். அது சயின்ஸுன்னு இப்பதான் தெரியுது."

மூக்குக்குள் களிம்பு போட்டுக்கொண்டார். முட்டிப் பக்கமே போகவில்லை. கட்டி ஆறியது, டாக்டர் தேதி கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையைத் தூக்கிக்கொண்டு தள்ளியே நின்றார்.

"சிலுவை போடலியா?" என்றாள் ஐவி.

"வேணாம் ஐவி. நான் தொட்டதெல்லாம் போதும்."

"முட்டிய டாக்டர் பாத்துக்குவாரு. நெத்தியில போடுங்க. கையக் கழுவிட்டு வாங்க."

வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறபடியே விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் என்று தேய்த்துக் கழுவினார். வெளியே ஐவி கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். இரண்டு சரணம் முடிந்தும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"தோலு உரிஞ்சிடப் போவுது, வாங்க" என்று சொல்லி, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.