ஆறாத கோட்டு

இன்றைக்கும் ஆறவில்லை என்று தையல்காரி நினைத்தாள். தோல் பட்டறைத் தெருக் குழந்தை ஒன்றைப் புதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது போட்டிருந்த பச்சைக் கம்பளிக் கோட்டு, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த துணி அறையில், மற்ற பழந்துணிகளோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே கையை விட்டால், இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டுவிட்டு ஓடியதுபோல் சூடாக இருந்தது. முதுகுப் பக்கம் சூடு அதிகம், கைகளில் கொஞ்சம் குறைவு. விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் உடம்பு அப்படித்தான் இருக்கும். அந்த அறையில் அடுப்பு கிடையாது, ஜன்னலும் வெயில் படாத பக்கம். அவள் கோட்டை உதறிப் பார்த்தாள், தண்ணீரில் முக்கிப் பார்த்தாள், ஓர் இரவு முழுக்க வெளியே கொடியில் பனியில் போட்டும் பார்த்தாள். காலையில் மற்ற துணிகளெல்லாம் பலகையாக விறைத்துக் கிடக்க, கோட்டின் தோளில் மட்டும் இரண்டு சிட்டுக்குருவிகள் சுகமாகக் குந்தியிருந்தன.

துணி அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அதை மறைத்ததில்லை, தவறென்று நினைத்ததுமில்லை. குளிர்காலம் வருமுன் பங்கு மக்கள் தங்கள் வீட்டுப் பழைய உடைகளைக் கொண்டுவந்து குவிப்பார்கள். பெண்கள் சங்கம் அவற்றைத் தரம் பிரிக்கும். தையல்காரி கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, நல்ல பொத்தான்களை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு, தோல் பட்டறைத் தெருவில் இருந்த ஏழைகளுக்கு உடைகளைக் கொடுத்து அனுப்புவாள். பொத்தான்கள், பூசையில் உதவி செய்யும் பீடச் சிறுவர்களின் சிவப்பு அங்கிகளுக்குப் போகும். அந்த அங்கிகளுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை பொத்தான். பையன்கள் பூசை முடிந்து ஓடும் ஓட்டத்தில் அவை தெறித்துக்கொண்டே இருக்கும். ஈடுகட்ட இதுதான் வழி என்று எந்தக் காலத்திலோ ஒரு சங்கத் தலைவி முடிவு செய்துவிட்டுச் செத்தும் போயிருந்தாள். ஆண்டவருடைய பீடத்துக்குத்தானே போகிறது என்று கொடுத்தவர்களுக்கும் திருப்தி.

பட்டறைத் தெருக்காரர்கள் கோயில் கோட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். கயிறு இடுப்பைத்தான் பிடிக்கும், நெஞ்சு திறந்தே கிடக்கும். அதனால் ஒரு கை எப்போதும் கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தெருவில் இருவருக்குள் தகராறு வந்தால், "தைரியமா மோதுடா, கோயில் கோட்டு போட்டிருக்கான், ஒரு கைதான் சும்மா இருக்கு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். இந்தக் கேலி தையல்காரியின் காதுக்கும் வந்திருந்தது. அவள் கூடச் சிரித்திருந்தாள். துணிக்கு ஒரு கீறலும் விழாமல் பொத்தானை மட்டும் எடுப்பதில் அவள் கெட்டிக்காரி. கத்தரிக்கோலின் நுனியில் நூல் அறும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். நாக்கால் 'டிக்' என்பதுபோல. சும்மா இருக்கும்போதுகூட அந்தச் சத்தத்தை நினைத்து அவள் மனசுக்குள் ரசித்ததுண்டு.

கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தவள் குழந்தையின் தாய். தெருவே நெட்டை என்று கூப்பிடும் உயரமான பெண். பட்டறையில் தோல் அலசிக் கைகள் முழங்கைவரை பழுத்த இலையின் நிறத்துக்கு வந்துவிட்டவை. துணி அறையின் வாசலில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தவள், உள்ளே வந்த பிறகும் நிமிரவில்லை.

"துவைச்சுதான் கொண்டாந்திருக்கேங்க. வேற யாருக்காவது ஆகும்."

"உங்க பிள்ளை போட்டதும்மா. நீங்களே வச்சுக்கோங்க."

"வச்சுக்க முடியலைங்க. ஆற மாட்டேங்குது. கை பட்டாப் போதும், இங்கதான் எங்கேயோ நிக்கறா, இப்ப வந்துடுவான்னு தோணிடுது. அவளுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வச்சிடறேன். மத்த பிள்ளைங்க என்னைப் பார்த்துப் பயப்படுதுங்க."

தையல்காரி கோட்டை வாங்கிக்கொண்டாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. அவள் திடுக்கிடவில்லை. சில விஷயங்களை அறிவு ஏற்பதற்கு முன் கை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நெட்டை போகத் திரும்பியவள் நின்றாள்.

"ரெண்டு கையிலயும் வாளிங்க. பட்டறைக்குத் தண்ணி சுமப்பா. காத்து நேரா நெஞ்சுல அடிக்கும். எந்தக் கையாலங்க கோட்டை மூடிப்பா?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விடை தெரிந்தால் தேவலை என்று உண்மையாகவே கேட்டாள். குற்றம் சொல்லியிருந்தால் தையல்காரி ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள்; வழக்கம் என்றோ, சங்கத்தின் முடிவு என்றோ, நான் சம்பளத்துக்கு வேலை செய்பவள் என்றோ. நெட்டை போனபின் கோட்டை விரித்தாள். முன்புறத்தில் மூன்று இடத்தில் நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டு சுத்தமாக இருந்தது. தன் கைவேலையை அவளால் எங்கேயும் அடையாளம் காண முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், பச்சைக் கோட்டின் மூன்று கொம்புப் பொத்தான்களையும் அவள் பார்த்தாள். வலப்பக்கம் நின்ற பீடச் சிறுவனின் நெஞ்சில், விளக்கு வெளிச்சத்தில் அவை மினுங்கின. அன்று பிரசங்கம் உடையில்லாதவர்களுக்கு உடுத்துவதைப் பற்றி. ஃபாதர் நல்லவர், பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. சபை முழுக்கத் தலையசைத்தது. இத்தனை காலம் அவளும் இதே இடத்தில் உட்கார்ந்து இதே போலத் தலையசைத்திருக்கிறாள், ஒரு தடவைகூடப் பொய்யாக இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. பொய்யாக அசைத்திருந்தால் ஒரு நாள் பிடிபட்டிருப்பாள்.

அவள் அந்தப் பொத்தான்களை அங்கியிலிருந்து எடுத்துக் கோட்டில் தைத்தாள். கோட்டைப் பட்டறைத் தெருவுக்குத் தானே எடுத்துப்போய், நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டாள். குழந்தை அதற்குள் சுருண்டு தூங்கியது. காலையில் எழுந்து பசிக்கிறது என்றது. பிறகு அடுத்த வீடு, அடுத்த குழந்தை. கோட்டு ஒவ்வோர் உடம்பிலும் அதே சூட்டோடு இருந்தது, கூடவுமில்லை குறையவுமில்லை. பட்டறைத் தெருவில் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எதில் வராது என்று தெரிந்துவைத்திருப்பதுபோல இதையும் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். ஆனால் கோட்டு ஒன்றுதான். ஒரு குழந்தைக்குப் போட்ட இரவில் இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை குளிரில் விறைத்துச் செத்துப்போனது. அந்த வீட்டுக்காரர்கள் அவளைத் திட்டவில்லை. அவளால் அந்தத் தெருமுனையைத் தாண்டி வெகுநாள் நடக்க முடியவில்லை. அதன் பிறகுதான் அவள் மற்ற கோட்டுகளுக்கும் பொத்தான் வைக்கத் தொடங்கினாள். அங்கிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள், புதிதாக வந்த துணிகளில் எதையும் வெட்டவில்லை.

சங்கத் தலைவி கண்ணில் இது படாமல் போகுமா? தலைவி வேறு யாருமில்லை, தையல்காரியின் செத்துப்போன புருஷனுக்குக் கூடப் பிறந்த அக்கா. இந்த வேலையையும், துணி அறைக்கு மேலே குடியிருக்க ஓர் அறையையும் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அந்த அறையைத் தவிரத் தையல்காரிக்குப் போக்கிடம் கிடையாது. இது இருவருக்கும் தெரியும்.

"பீடத்துல நிக்கிற பையனுக்கு வயிறு தெரியுது. என்னம்மா வேலை பார்க்கற நீ?"

"காத்தோட்டமா இருக்கும் அக்கா."

"என்ன, கிண்டலா?"

"இல்லக்கா. கோயிலுக்குள்ள குளிராதுல்ல, அதான்."

"தம்பி பொண்டாட்டியாச்சேன்னு பார்க்கறேன். வேற ஒருத்தின்னா இந்நேரம் பெட்டி படுக்கை வாசல்ல கிடக்கும்."

தலைவி கெட்டவள் இல்லை. காய்ச்சல் பரவிய வருடத்தில் பட்டறைத் தெருவில் வீடு வீடாகக் கஞ்சி ஊற்றியவள். கொடுப்பது என்பது மேலிருந்து கீழே போவது என்றும், போகும் வழியில் கோயிலுக்குக் கொஞ்சம் ஒதுங்குவது நியாயம் என்றும் அவளுக்குச் சின்ன வயதிலேயே யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

குளிர்காலம் இரண்டு போனது. கோட்டைப் போட்டு ஓடிய குழந்தைகள் அதற்குள் அடங்காமல் வளர்ந்தார்கள், தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் அதற்குள் அடங்கும் அளவுக்கு வந்தார்கள். ஒரு மாலை, தண்ணீர்க் குழாயடியில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு சிறுமி வாளியோடு நிற்பதைத் தையல்காரி தூரத்திலிருந்து பார்த்தாள். பட்டறை விட்டு வந்த நெட்டை அந்தச் சிறுமிக்குப் பின்னால் வந்து நின்றாள். இத்தனை நாளும் கோட்டு வரும் பக்கம் கண்ணைத் திருப்பாமல் நடந்தவள், குனிந்து, தன் நிறம் மாறிய கையைச் சிறுமியின் முதுகில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் ஒரு கை இருப்பது அவளுக்கு இயல்பாகப் பட்டிருக்க வேண்டும். பிறகு நெட்டை இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தாள். அன்று தையல்காரி வீட்டுக்கு வந்து விளக்கேற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் செய்தி ஃபாதருக்கு எட்டியது. அவர் துணி அறைக்கு வந்தபோது, ஒட்டுப் போடுவதற்காகக் கோட்டு மேசைமேல் இருந்தது. உள்ளே கைவிட்டார். அப்படியே மண்டியிட்டு அழுதார், அந்தச் சின்னக் கைப்பகுதியைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்த அழுகையைத் தையல்காரி மதித்தாள். ஆனால் எழுந்தவுடன் அவர் மறைமாவட்டத் தலைவரான ஆயருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார். சில வாரங்களில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து நின்றது. உள்ளே வெல்வெட், மேலே ஒரு சின்ன விளக்கு, ஓரங்களில் பித்தளை. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து காலிப் பெட்டிக்கு முன்னாலேயே மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனார்கள். ஆயர் வந்து கோட்டை வைத்துப் பூட்ட நாளும் குறித்தாயிற்று.

ஒட்டுப் போட்டு முடிந்து, கோட்டு அப்போது மறுபடி பட்டறைத் தெருவில் இருந்தது. எந்த வீட்டில் என்று தெரு யாருக்கும் சொல்லவில்லை. தலைவி போய்க் கேட்டாள், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை போய்க் கேட்டான். வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். தையல்காரி கேட்டால் மட்டும்தான் எடுத்துத் தருவார்கள். ஆகவே ஆயர் வருவதற்கு முந்தின நாள் ஃபாதரும் தலைவியும் துணி அறைக்கு வந்தார்கள். வெளியே காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பிள்ளைக்குச் சூடு கொடுக்கிறது பெரிசுதாம்மா, இல்லேங்கல" என்றார் ஃபாதர். "இதைப் பார்த்து நாலு பேருக்கு மனசு இளகினா, நூறு கோட்டு வரும். நூறு பிள்ளைங்க பிழைக்கும். யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். ஃபாதர் சொல்வதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். நூறு கோட்டு வரும்தான். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தன, அவள் கண்ணுக்குத் தெரிந்து எத்தனையோ குளிர்காலங்களாக, இளகிய மனசுக்காரர்களின் வீடுகளிலிருந்து, நல்ல கனமான கோட்டுகள். அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் குழந்தை இரண்டு கையிலும் வாளியோடு செத்துப்போனாள். இதை வார்த்தையாக்கிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், மண்டியிட்டு அழுத மனிதரிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

"அவகிட்ட என்ன கெஞ்சிட்டு, ஃபாதர்?" என்றாள் தலைவி. "இந்தா பாரும்மா, நாளைக்குக் காலையில கோட்டு இங்க இருக்கணும். இல்லேன்னா மாடி அறையைக் காலி பண்ணிக்கோ. அப்புறம் அக்கா துரத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே."

தையல்காரி எழுந்தாள். மாடி அறையின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல், நாத்தனாரின் கைக்கு எட்டும் இடத்தில், சத்தம் வராமல் வைத்தாள். தலைவி சாவியைப் பார்த்தாளே ஒழிய எடுக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறேதோ வந்து நின்றது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கேம்மா போவே?" என்றார் ஃபாதர்.

"பட்டறைத் தெருவுல இடம் தருவாங்க, ஃபாதர். கொஞ்சம் நாறும். பழகிடும்."

"கோட்டு?"

"வாங்கிட்டு வர மாட்டேன்."

அவள் மறுபடி உட்கார்ந்து, பாதியில் விட்ட தையலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஃபாதருக்குக் கோபம் வரவில்லை. வயதான மாதிரி இருந்தார்.

"நாளைக்கு ஆயர் வந்து பெட்டி முன்னாடி நிப்பாரு. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"அதை ஒரு குழந்தை போட்டிருக்குன்னு சொல்லுங்க, ஃபாதர்."