சேமிக்காமல் மூடிய கடிதம்

மொட்டைக் கடிதம் எழுதுவதென்று முடிவெடுத்தவள் அதைப் பாடசாலைக் கணினியில் எழுதியிருக்கக் கூடாது. என் புத்தியை என்னவென்று சொல்ல! ஆனால் எங்கள் பாடசாலையில் தமிழ் ஒழுங்காக அடிக்க முடிகிற கணினி அது ஒன்றுதான். கைத்தொலைபேசியில் அரைப் பக்கம் அடிப்பதற்குள் என் கோபமே ஆறிவிடும். அது ஆறக் கூடாது என்று இருந்தேன்.

கோபம் தண்ணீரைப் பற்றியது. தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை ஒட்டிய சின்னப் பாடசாலை எங்களுடையது. மண்சரிவில் குழாய் அறுந்து, நான்கு மாதமாகப் பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதிபர் கஜேந்திரன் சேரிடம் ஐந்து தடவை சொன்னேன். ஐந்து தடவையும் "பாப்போம் மிஸ்" என்றார். பொறுத்தது போதுமென்று திங்கட்கிழமை, பாடசாலை விட்ட பிறகு, வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடித்தேன். அதன் முதல் வரி: "எமது அதிபர் பெரட்டுக் களத்தில் ஆள் சேர்க்கும் கங்காணி போலக் காலையில் விசில் ஊத மட்டுமே லாயக்கானவர்." எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

தடயம் இருக்கக் கூடாதே! கடிதம் முழுவதையும் கொப்பி பண்ணி, அதற்கென்றே திறந்த பெயரில்லாத மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினேன். சேமிக்கவா என்று கணினி கேட்டதற்கு வேண்டாமென்று சொல்லி மூடினேன். பதுளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் மின்னஞ்சல் திரும்பி வந்திருந்தது. நான் எடுத்த முகவரி பழையது. சனிக்கிழமை வேறு முகவரி தேடி அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, ஆசிரியர் அறையில் ஜீவன் தேநீரும் கையுமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கணினிப் பாடம் எடுப்பவர் அவர்தான்.

"நம்ம அதிபர் ஒண்ண கொப்பி பண்ணுவாரு. அத ஒட்ட மறந்துட்டு இன்னொண்ண கொப்பி பண்ணுவாரு. மொதல்ல எடுத்தது போயிரும். அப்புறம் என்னைய கூப்பிட்டு ஏசுவாரு. அதான் போன மாசம் ஒரு குட்டி சொப்ட்வெயார் போட்டு வச்சேன். இப்ப அந்தக் கொம்பியூட்டர்ல எத கொப்பி பண்ணுனாலும், தானாவே ஒரு பைலா போல்டர்ல விழுந்துரும். திகதி, நேரம் எல்லாத்தோட."

"யாரு பண்ணுனாலுமா?" என்று கேட்டேன்.

"யாரு பண்ணுனாலும், சுதர்ஷினி மிஸ். சேவ் பண்ணவே தேவையில்ல. அதிபர் தினமும் தொறந்து பாத்து சந்தோசப்படுறாரு."

அப்படியானால் என் கடிதமும் அதில் விழுந்திருக்கும். நான் நிரந்தரமாவதற்கான சிபாரிசுக் கடிதத்தை அதிபர் இந்த மாதம்தான் எழுத வேண்டும். அதில் இரண்டு வரி அவர் மாற்றி எழுதினால் என் மூன்று வருட உழைப்பும் போச்சு.

இடைவேளை மணி அடித்ததும் கணினி அறைக்கு ஓடினேன். போல்டரைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் பைல்கள்: சுற்றறிக்கைகள், பிறந்தநாள் வாழ்த்துகள், யாரோ எடுத்த சமையல் குறிப்பு. திங்கள், பிற்பகல் 2.17. அங்கே இருந்தது என் கடிதம், விசில் வரியோடு. உடனே அழித்தேன். மூச்சு வந்தது. அரை நிமிடம்தான்.

புதன் காலை 8.05க்கு ஒரு பைல். திறந்தேன். "எட்டாம், ஒன்பதாம் தரப் பெண்பிள்ளைகள் மாதத்தில் நான்கு நாள் வீட்டிலேயே நிற்கிறார்கள். வரவு இடாப்பைப் பார்த்தால் தெரியும்." என் வரிகள். அதிபர் என் கடிதத்தைப் படித்திருக்கிறார். படித்தது மட்டுமல்ல, கொப்பியும் பண்ணியிருக்கிறார். யாருக்குக் காட்ட? 8.40க்கு இன்னொரு பைல். அதிலும் விசில் வரி தவிர என் வரிகளே இருந்தன, ஒரு சொல்கூட மாறாமல். மேலே வலயக் கல்விப் பணிப்பாளரின் விலாசம், கீழே அதிபரின் பெயர். இடையில் அவராக எழுதிய ஒரே வரி: "இதை இவ்வளவு நாள் கவனியாமல் விட்டது அதிபராகிய என் பிழை."

"மிஸ்."

நாற்காலி சாய எழுந்தேன். வாசலில் அதிபர் நின்றார், கையில் அச்சடித்த தாளோடு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"உங்க கடிதத்தப் பாத்து எழுதிட்டேன். கோவிச்சுக்காதீங்க. பொம்பளப் புள்ளைங்க விசயத்த பெரிய ஆளுங்களுக்கு எப்படி எழுதுறதுன்னே எனக்குத் தெரியல. வெக்கமா இருந்துச்சு. அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

"நான்தான்னு எப்படி சேர்..."

"இந்த ரூம் சாவி நம்ம மூணு பேருகிட்டதான இருக்கு? ஜீவனுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா?"

"அந்த மொத வரி, சேர்... மன்னிச்சுருங்க."

"விசில் நல்லாத்தான் ஊதுவேன்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

அவர் தாளை மேசையில் வைத்தார். அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு வெறுமையாக இருந்தது.

"இன்னைக்கே நேர்ல கொண்டுபோறேன். ஏன் நாலு மாசம்னு கேட்டா, நான் ஒருத்தனா நின்னு பதில் சொல்ல முடியாது. நீங்களும் போடுறீங்களா?"

பேனாவை வாங்கி, யார் படித்தாலும் விளங்கும்படி, முழுப் பெயரையும் எழுதினேன்: நல்லையா சுதர்ஷினி.